சின்னவேலுவைத் துரத்திய 'ரவுண்டு'!

உருண்டைக்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்டால் எல்.கே.ஜி. குழந்தைகூட 'ரவுண்டு' என்று சொல்லிவிடும். நாம் மட்டும் என்ன, தமிழ் பேசும்போதே அதைத்தானே சொல்கிறோம்? 'மூஞ்சி நல்லா ரவுண்டா இருக்கு', 'ஊரை ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வர்றேன்', 'ரவுண்டா ஆயிரமா வெச்சுக்குங்க'...

ஆனால், இந்த 'ரவுண்டு' பிறப்பால் இங்கிலீஷ் இல்லை. வெளியூரிலிருந்து வந்து, வீட்டுக்காரனை வெளியே தள்ளிவிட்டு, கூடத்திலேயே பாய் விரித்துப் படுத்துவிட்ட ஆசாமி!

வெளியே தள்ளப்பட்ட வீட்டுக்காரனின் பெயர் 'சினெவேல்ட்'. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் புழங்கிய பழைய ஆங்கிலச் சொல். உச்சரிப்பு உத்தேசம்தான். வாயால் சொல்லிக் காட்ட அந்த ஊர்க்காரர் யாரும் இப்போது மிச்சமில்லை. வேகமாகச் சொல்லிப் பாருங்கள், நம்மூர் சின்னவேலுவைக் கூப்பிடுவது போலவே இருக்கும். எனவே, இனி சின்னவேலு என்றே வைத்துக்கொள்வோம்.

நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்த 'ரவுண்டு' எல்லாம் நயா பைசாவைத் தள்ளிவிட்டுக் கணக்கை முடிப்பதற்கான உபாயம். டேலி ஆகாத நாட்களில் அகராதியைப் புரட்டுவது என் வழக்கம். அதில் டெபிட், கிரெடிட் கிடையாது, பாருங்கள்! அப்படி ஒரு நாள் மாட்டியவர்தான் சின்னவேலு.

சின்னவேலுவைப் பிரித்துப் பார்த்தால் பிரமாதமாக இருக்கிறது. 'சின்' என்றால் எப்போதும், ஓயாமல். 'வேல்ட்' என்றால் உருளுகிற. ஆக, 'ஓயாமல் உருளுகிற'. ஒரு சாமானைத் தரையில் வைக்கிறீர்கள். அது நிற்க மாட்டேன் என்று உருண்டு ஓடுகிறதா? அப்படியானால் அது உருண்டை. அவ்வளவுதான். விளக்கம் வார்த்தைக்குள்ளேயே இருக்கிறது. தமிழனும் இதே வேலையைத்தான் செய்திருக்கிறான். 'உருள்' என்பதிலிருந்துதானே உருளை, உருண்டை எல்லாம்? உருளைக்கிழங்கு வரைக்கும்!

சின்னவேலு தெருவில் கோலி விளையாடிய வார்த்தை மட்டுமல்ல. வானத்தையே சுமந்த வார்த்தை. 10-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தெற்கு இங்கிலாந்தின் செர்ன் மடத்தில் ஆல்ஃப்ரிக் என்று ஒரு துறவி இருந்தார். காலக்கணக்கு, சூரியன், சந்திரன், நட்சத்திரம், மழை, இடி எல்லாவற்றையும் பற்றிச் சின்னதாக ஒரு நூல் எழுதினார். பீட் என்ற இன்னொரு துறவி 725-ஆம் வருஷமே பூமி கேடயம் மாதிரித் தட்டை வட்டம் அல்ல, பந்து மாதிரி எல்லாப் பக்கமும் உருண்டை என்று எழுதி வைத்துவிட்டார். ஆனால், லத்தீனில்! படித்தவர்களுக்கு மட்டும். ஆல்ஃப்ரிக் அந்த விஷயங்களை எடுத்து, லத்தீன் தெரியாதவனுக்கும் புரியட்டும் என்று தாய்மொழியில் எழுதினார். வானம் எந்த மாவு மில் சக்கரத்தைவிடவும் வேகமாக நம்மைச் சுற்றிச் சுழல்கிறது என்றார். வானத்தின் வடிவத்தைச் சொல்ல அவர் கூப்பிட்ட ஆள் நம்ம சின்னவேலுதான்.

வானம் சுழல்வதாக அவர் நினைத்தது அந்தக் காலத்து அறிவு. அதை விடுங்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வானவியலைத் தாய்மொழியில் சொல்ல ஒருவர் உட்கார்ந்தபோது வார்த்தைக்குத் தட்டுப்பாடு வரவில்லை என்பதுதான் விஷயம்.

பிறகு 1066 வந்தது. பிரான்சின் நார்மண்டியிலிருந்து வில்லியம் படையோடு வந்து இறங்கினார். ஹேஸ்டிங்ஸில் ஒரே நாள் சண்டை. இங்கிலாந்து கைமாறிவிட்டது. அரண்மனை பிரெஞ்சு பேசியது, மடங்களும் சாசனங்களும் லத்தீனுக்குப் போயின. ஆங்கிலம் வயற்காட்டிலும் அடுப்படியிலும் இருந்தது. இரண்டு, மூன்று நூற்றாண்டுகள் இப்படி ஓடியதில் வானத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத ஆளில்லை. 13-ஆம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில் 'ரவுண்டு' ஆங்கிலத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. சின்னவேலுவைக் காணவில்லை!

வந்தவரின் ஜாதகத்தையும் பார்த்துவிடுவோம். லத்தீனில் 'ரோட்டா' என்றால் சக்கரம். அதிலிருந்து 'ரொட்டுண்டுஸ்', சக்கரம் போன்ற. அது பிரெஞ்சில் தேய்ந்து தேய்ந்து 'ரவுண்டு' ஆனது. இந்த 'ரோட்டா'வுக்கு சமஸ்கிருதத்தில் ஓர் ஒன்றுவிட்ட சகோதரன் உண்டு. யார் தெரியுமா? 'ரதம்'! இரண்டுக்கும் ஒரே மூலம் என்பது மொழியியல்காரர்கள் ஒப்புக்கொண்ட சங்கதி. ஆக, கோயில் ரதம் நான்கு வீதியையும் 'ஒரு ரவுண்டு' வரும்போது, இரண்டு தூரத்துச் சொந்தங்கள் சந்தித்துக்கொள்கின்றன.

ரவுண்டு சும்மா ஆள் இல்லை. கவிஞர்கள் கையில் அது பண்ணிய ஜாலங்கள் ஏராளம். ஆர்தர் ராஜாவின் வட்டமேஜையை இலக்கியத்துக்குள் முதலில் கொண்டுவந்து போட்டவர் வேஸ் என்ற நார்மன் கவிஞர். வருஷம் 1155, மொழி பிரெஞ்சு. வீரர்களில் யாருக்கும் தலைமாடு, கால்மாடு என்ற தகராறு வரக்கூடாது என்பதற்காகத்தான் அந்த வட்டம். 1930-லிருந்து 1932 வரை லண்டனில் நம் தலைவர்களைக் கூப்பிட்டு நடத்திய மாநாடுகளுக்கு 'வட்டமேஜை மாநாடு' என்று பெயர் வைத்தார்களே, அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பதும் இதே எண்ணம்தான். எல்லாரும் சமம் என்று சொல்லும் மேஜைக்கு, ஜெயித்தவனின் மொழியிலிருந்துதான் பெயர் வந்தது என்பது வேடிக்கை!

ஜான் டன் இன்னும் குறும்புக்காரர். அவர் 1631-ல் இறந்த பிறகு, 1633-ல் அச்சான ஒரு பக்திக் கவிதையில், உருண்டையான பூமியின் கற்பனை மூலைகளில் நின்று எக்காளம் ஊதச் சொல்லி தேவதூதர்களைக் கூப்பிடுகிறார். பைபிள் பூமிக்கு நாலு மூலை என்கிறது. விஞ்ஞானம் உருண்டை என்கிறது. மனுஷர் இரண்டையும் ஒரே வரியில் சமாதானமாக உட்கார வைத்துவிட்டார்.

ஷேக்ஸ்பியர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 'ஒத்தெல்லோ' நாடகத்தில், பெண்ணை மயக்கிவிட்டான் என்று நாயகன் மேல் பிராது. வெனிஸ் சபையின் முன்னால் நின்று, நடந்ததை 'ரவுண்டாக'ச் சொல்கிறேன் என்கிறான். சுற்றி வளைத்து என்று அர்த்தமில்லை, நேர் எதிர்! ஒளிவுமறைவில்லாமல், பூச்சுப் பூசாமல் முழுசாக என்று அர்த்தம். மூலை இருந்தால்தானே ஒளித்து வைக்க முடியும்? உருண்டைக்கு ஏது மூலை?

அந்த யோக்கியமான வார்த்தைதான் இன்று என்னவாகிவிட்டது, பாருங்கள். நான் வழக்கமாகச் சாமான் வாங்கிய மளிகைக் கடைக்காரர், 'தொண்ணூத்தேழு ரூவா அம்பது காசு, ரவுண்டா நூறு' என்பார். அவர் ரவுண்டு எப்போதும் மேல்நோக்கியே உருளும். ஒரு தடவைகூடக் கீழே உருண்டதில்லை! மிச்சம் கேட்டால் இரண்டு மிட்டாய். ஒத்தெல்லோ வாயில் 'உள்ளது உள்ளபடி' என்றிருந்த சொல், எங்கள் தெருவில் 'கிட்டத்தட்ட' ஆகிவிட்டது.

சரி, சின்னவேலு சுத்தமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாரா? கொஞ்சம் மிச்சமிருக்கிறார். 'வேல்ட்' என்ற பாதியின் ஜெர்மன் உறவு ஒன்று, ஜோடி ஜோடியாகச் சுழன்று ஆடும் 'வால்ட்ஸ்' நடனத்தின் பெயரில் ஆடிக்கொண்டிருக்கிறது. 'சின்' என்ற பாதி, 'செங்க்ரீன்' என்ற பழைய செடிப்பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எப்போதும் பச்சை என்று அர்த்தம். கூரை மேலும் சுவர் இடுக்கிலும் தண்ணீர் அதிகம் கேட்காமல் வளர்கிற செடி.

சின்னவேலு மேல் என்ன தப்பு? அர்த்தம் பளிச்சென்றுதான் இருந்தது. வானத்துக்கும் பொருந்தியது. ஆனால் படிப்பும் கச்சேரியும் வேறு பாஷைக்கு மாறியதும், கூப்பிட ஆளில்லாமல் போய்விட்டார். ஒரு சொல் அழகில்லாததால் சாவதில்லை. பெரிய விஷயங்களைப் பேச அதை யாரும் கூப்பிடாமல் விட்டால் போதும், தானாகச் செத்துவிடும்.

நம் 'உருண்டை' நல்ல வேளையாக இன்னும் தெம்பாக இருக்கிறது. எள்ளுருண்டையோடு நிறுத்திவிடாமல், அவ்வப்போது வானத்துக்கும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போங்கள்!