கைமாறிய பொருளும் கடனில்லா வீடும்

ஒரு குடும்பத்தைக் கடனில் ஆழ்த்துபவை நோயும் வேலையிழப்பும் மட்டுமே என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் கட்டிலும் பீரோவும் குளிர்பதனப் பெட்டியும்கூட ஒரு வீட்டைக் கடனில் ஆழ்த்த வல்லவை. புதுமணத் தம்பதியரின் இல்லத்தை மந்திரிக்கச் செல்லும் குருக்கள் இதனை நன்கு அறிவர். வாசல் முதல் அடுக்களை வரை எல்லாம் புத்தம் புதியவையாக மின்னும். அவற்றுள் முழுவதுமாக அவ்வீட்டாருக்குச் சொந்தமானவை எவை என்று கேட்டால், பதில் சொல்ல அவர்கள் தயங்குவர். பாதி தவணைக் கடையினுடையது. மீதி, பெண்ணைப் பெற்றவர் வாங்கிய கடனினுடையது.

பிறர் பயன்படுத்திய நல்ல பொருள்களை ஆராய்ந்து வாங்கிக் குடும்பம் நடத்துவது இதற்கு ஒரு மாற்று வழி. எளிய வழியாயினும் பலர் அதனை நாடுவதில்லை. ஏன் நாடுவதில்லை என்பதையும், எப்படி நாட வேண்டும் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஓர் எடுத்துக்காட்டை மேற்கொள்வோம். ஓர் இளங்குடும்பத்திற்கு 1,20,000 ரூபாய்க்கு வீட்டுப் பொருள்கள் தேவைப்படுகின்றன என்று கொள்வோம். அனைத்தையும் புதியனவாகத் தவணையில் வாங்குகின்றனர். வட்டி ஆண்டுக்கு 15 விழுக்காடு. தவணைக் காலம் 24 மாதங்கள். கடைக்காரர் கணக்கிடுவது பெரும்பாலும் ‘பிளாட்’ வட்டி. அதாவது, மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வந்தாலும், முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கே இறுதிவரை வட்டி. எனவே இரண்டு ஆண்டுகளுக்கு வட்டி மட்டும் 36,000 ரூபாய். மொத்தம் 1,56,000 ரூபாயை மாதம் 6,500 ரூபாய் வீதம் கட்ட வேண்டும். குறைந்துவரும் அசலை வைத்துக் கணக்கிட்டால் இவ்வட்டி உண்மையில் ஆண்டுக்கு 26 விழுக்காட்டுக்கும் மேல் ஆகிறது! பதினைந்து என்று எண்ணிக் கையெழுத்திட்டவர் இருபத்தாறு கொடுக்கிறார்.

“எங்கள் தவணைக்கு வட்டியே இல்லை” என்பாரும் உளர். கடன் அட்டைகளின் பேரில் இவ்வாறு விளம்பரம் செய்யப்படும் திட்டங்களில், வட்டி பலவேளைகளில் செயல்முறைக் கட்டணம் என்னும் பெயரில் மறைந்து நிற்கிறது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டியது. ரொக்கம் கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியை இழப்பதும் ஒருவகை வட்டியே.

இனி மாற்று வழியைப் பார்ப்போம். அதே பட்டியலில் மரச் சாமான், இரும்புச் சாமான், பாத்திரம் ஆகியவற்றின் மதிப்பு 70,000 ரூபாய் என்றும், மின்கருவிகளின் மதிப்பு 50,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். முன்னவற்றைப் பழையனவாகப் பாதி விலைக்கு வாங்கினால் 35,000 ரூபாய் போதும். மொத்தத் தேவை 85,000 ரூபாயாகக் குறைகிறது. தவணைக்காரருக்குக் கட்டும் அதே 6,500 ரூபாயை மாதந்தோறும் ஒதுக்கி, முதலில் கட்டில், பிறகு பாத்திரம், அதன்பின் பீரோ என்று ஒவ்வொன்றாக வாங்கினால், பதினான்காம் மாதத்தில் வீடு நிறைந்துவிடும். தவணையில் வாங்கியவரோ இன்னும் பத்து மாதங்கள் கட்டிக்கொண்டிருப்பார். வேறுபாடு 71,000 ரூபாய். ஒரு பிள்ளையின் பல ஆண்டுப் படிப்புச் செலவு அதில் அடங்கியிருக்கிறது.

கூச்சம் எங்கிருந்து வந்தது?

கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்க, நம்மைத் தடுப்பது எது? கூச்சமே. “பிறர் புழங்கியதை நாம் வாங்குவதா? சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்?” என்னும் எண்ணமே.

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். நாம் அணியும் பொன் எத்தனை கழுத்துகளில் கிடந்து, எத்தனை முறை உருக்கப்பட்டதோ, யாரறிவார்? நிலம் அனைத்தும் பழம்பொருள்தான். மூலப்பத்திரம் எவ்வளவு பழமையானதோ அவ்வளவு நல்லது என்கிறோம். வாடகை வீட்டில் நமக்கு முன் பத்துக் குடும்பங்கள் வாழ்ந்திருக்கும். பாட்டியின் பெயர் வெட்டிய பித்தளை அண்டாவைப் பெருமையோடு எடுத்துக் காட்டுகிறோம். இவற்றிலெல்லாம் தோன்றாத கூச்சம் ஒரு மரக்கட்டிலைக் கண்டதும் தோன்றுவானேன்? இக்கூச்சத்திற்கு அடிப்படை தூய்மையும் அன்று, மானமும் அன்று, ஊராரின் கண்ணே.

தாய்மாரும் நெடுங்காலமாகப் பழையதைப் போற்றியே குடும்பம் நடத்தி வந்துள்ளனர். உடுத்துப் பழகிய நூற்சேலை குழந்தைக்குத் தூளியாகும். தூளி கிழிந்தால் தலையணை உறையாகும். அதுவும் நைந்தால் அடுக்களையில் கரித்துணியாகும். அக்கா மகன் நடை பயின்ற நடைவண்டியில் தங்கை மகனும் நடை பயில்வான். இதனை அக்காலத்தில் எவரும் ஏழ்மை என்று எண்ணவில்லை.

பிற நாடுகளிலும் பழம்பொருள் வாணிபம் மதிப்புக்குரிய பணியாக வளர்ந்துள்ளது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மெதடிஸ்டு போதகர் எட்கர் ஹெல்ம்ஸ் 1902இல் தொடங்கிய ‘குட்வில்’ இயக்கம், வசதி படைத்தோரிடம் பழைய துணிகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் திரட்டி, அவற்றைச் செப்பனிடும் வேலையை ஏழைகளுக்கே அளித்து, விற்பனை செய்தது. இங்கிலாந்தில் ஆக்ஸ்பாம் அறநிறுவனம் ஆக்ஸ்போர்டு நகரில் தன் கடையைத் திறந்தது. 1833இல் பாரீசில் பிரடெரிக் ஓசானாமும் அவர்தம் தோழர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, ஆஸ்திரேலியா, அமெரிக்கா முதலிய நாடுகளில் இத்தகைய கடைகளை இன்றும் நடத்தி வருகின்றது. அங்கே ஏழையும் நடுத்தர வகுப்பினரும் ஒரே வரிசையில் நின்று வாங்குகின்றனர். சிறு தொகையேனும் கொடுத்து வாங்குவதால், வாங்குபவர் இரவலர் ஆவதில்லை.

எவற்றைப் பழையனவாக வாங்கலாம்?

தேயாத, ஓடாத, மின்சாரம் உண்ணாத பொருள்களைத் தயங்காது வாங்கலாம். அவற்றுள் முதலிடம் மரச் சாமான்களுக்கு. பழைய தேக்குக் கட்டிலோ மேசையோ பல ஆண்டுகள் காய்ந்து பதப்பட்ட மரத்தால் ஆனது. இனி வளையாது, வெடிக்காது. வாங்குமுன் கவிழ்த்துப் பாருங்கள். கால்களின் அடியில் கரையான் மண் ஒட்டியுள்ளதா, சிறு துளைகளிலிருந்து மாவு போன்ற தூள் உதிர்கிறதா, மூட்டுகள் ஆடுகின்றனவா என்று கவனியுங்கள். ஆடும் மூட்டைத் தச்சர் சரிசெய்துவிடுவார். உளுத்த மரத்தை எவராலும் சரிசெய்ய இயலாது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகளை விலக்குங்கள். ஒருமுறை நீர்பட்டு உப்பினால் அவை பயனற்றுப் போகும். கட்டிலின் இடுக்குகளில் மூட்டைப்பூச்சி உள்ளதா என்று விளக்கைப் பிடித்துப் பார்ப்பதும், வீட்டுக்குள் கொண்டுவருமுன் கொதிநீர் ஊற்றிக் கடும் வெயிலில் உலர்த்துவதும் இன்றியமையாதவை.

காரைக்குடியில் முனீசுவரன் கோவில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் கதவுகளும் தூண்களும் விற்கப்படுவதைப் பலரும் அறிவர். ஆனால் அங்கு விற்பவை கலைப்பொருள்கள். அவற்றிற்குக் கலைப்பொருளின் விலை. சிக்கனத்தை நாடுவோர், ஊர் மாற்றலாகிப் போகும் குடும்பங்களையும், உள்ளூர்ப் பழஞ்சாமான் கடைகளையும், வாரச்சந்தையையும் நாடுவதே நலம்.

அடுத்து, பாத்திரங்கள். பழைய பித்தளை, செம்பு, வெண்கலப் பாத்திரங்கள் எடைக்கு விற்கப்படுகின்றன, செய்கூலி மிச்சமாகும். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் ஈயப்பூச்சு தேய்ந்திருந்தால், மீண்டும் பூசாமல் அதில் சமைக்கலாகாது. குறிப்பாகப் புளி சேர்ந்த குழம்பு நஞ்சாகும். பூசுபவர் பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தை உருக்கித் துணியால் துடைத்துப் பரப்புவார். அது கலப்பற்ற வெள்ளீயம்தானா என்று கேட்டறியுங்கள். காரீயம் கலந்தால் உடலுக்குக் கேடு. இதே காரணத்தால், எதனால் செய்யப்பட்டது என்று தெரியாத பழைய ஈயச்சொம்பை ரசத்திற்குப் பயன்படுத்த வேண்டாம்.

வார்ப்பிரும்புத் தோசைக்கல்லோ பழையதே புதியதினும் மேலானது. துருவேறியிருந்தாலும் நன்றாகத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவிக் காய்ச்சினால் மீண்டும் பழக்கத்திற்கு வந்துவிடும்; தோசை ஒட்டாது வரும். அம்மியும் ஆட்டுக்கல்லும் வழவழப்பாகிவிட்டால் கொத்தச் செய்தால் போதும்.

தையல் இயந்திரம் வாங்குவோர், கைச்சக்கரத்தை மெதுவாகச் சுழற்றி ஓசையைக் கேளுங்கள். தட்டலும் உராய்வும் இருத்தலாகாது. ஒரு துணியை இரண்டாக மடித்துத் தைத்து, இருபுறமும் தையல் ஒரேசீராக விழுகிறதா என்று பாருங்கள். பட்டையும் ஊசியும் மாற்றத்தக்கவை. இரும்பு உடல் தலைமுறை கடந்தும் உழைக்கும். செலவைக் குறைப்பதோடு வருவாயும் ஈட்டித் தரும் பழம்பொருள் இது.

எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

பழையது மலிவு என்பதாலேயே நல்லதாகிவிடாது. மின்விசிறியை எடுத்துக்கொள்வோம். பழைய வகை விசிறி சுமார் 75 வாட் மின்சாரம் கொள்ளும், புதிய பி.எல்.டி.சி. வகைக்குச் சுமார் 30 வாட் போதும். நாளொன்றுக்கு 12 மணி நேரம் சுழன்றால், ஓராண்டில் ஏறத்தாழ 197 யூனிட் வேறுபாடு. மலிவாக வாங்கிய விசிறி, சில ஆண்டுகளில் புதியதன் விலையை மின்கட்டணமாக வாங்கிவிடும். நாள் முழுவதும் ஓடும் குளிர்பதனப் பெட்டிக்கு இது இன்னும் பொருந்தும். நம் நாட்டில் மின்கருவிகளுக்கு நட்சத்திரக் குறியீடு 2006இல் வந்தது. அக்குறியீட்டைப் பார்க்காமல் பழைய பெட்டியை வாங்காதீர்கள். வாங்குவதாயின், குறைந்தது இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்த பின்னரே பணம் கொடுங்கள்.

உயிரோடு விளையாடும் பொருள்களை ஒருபோதும் பழையனவாக வாங்கலாகாது. சமையல் எரிவாயுக் குழாயை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதனைப் பிறரிடம் வாங்குவது அறியாமை. மூடி நெளிந்த பிரஷர் குக்கர், மேற்பூச்சு உரிந்த வாணலி, ஒருமுறை விபத்துக்குள்ளானதோ என்று அறிய இயலாத தலைக்கவசம், பிறர் படுத்த பஞ்சு மெத்தை ஆகியவையும் வேண்டா.

மற்றோர் எச்சரிக்கை. நம்ப முடியாத மலிவில் பொருள் வந்தால், அதன் பிறப்பைக் கேளுங்கள். திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு அதற்குத் தண்டனை விதிக்கிறது. விற்பவரின் பெயர், முகவரி, கையெழுத்துடன் ஒரு சீட்டு வாங்கி வைத்துக்கொள்வது இருவருக்கும் பாதுகாப்பு.

மலிவு என்பதற்காகவே தேவையற்றதை வாங்கிக் குவிப்பதும் ஒரு வீண்செலவே. இன்னது வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். கண்டதை வாங்கிய பிறகு அதற்கொரு தேவையைத் தேடாதீர்கள்.

கொடுப்பவர் கடமை

வாங்குவோர்க்குக் கூச்சம் நீங்க வேண்டுமாயின், கொடுப்போரின் உள்ளமும் திருந்த வேண்டும். பொத்தான் அறுந்த சட்டையும் கைப்பிடி உடைந்த வாளியும் ஏழைக்குப் போதும் என்று எண்ணுவது தருமம் ஆகாது. துவைத்து, பொத்தான் தைத்து, நாமே மீண்டும் பயன்படுத்தத் தயங்காத நிலையில் கொடுக்க வேண்டும். போகிப் பண்டிகை நாளில் நல்ல பாயையும் துணியையும் நெருப்பிலிட்டுப் புகையாக்குவதைவிட, ஒரு வாரம் முன்பே தேவைப்படுவோரிடம் சேர்ப்பது நன்று.

ஐயாயிரம் பேர் உண்டு நிறைவடைந்த பின்னரும், எஞ்சிய துண்டுகளை வீணாக்காது சேர்க்கும்படி நம் ஆண்டவர் சீடரைப் பணித்தார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. அளவின்றி அளிக்க வல்லவரே எஞ்சியதைப் பேணினார். ஒவ்வொரு பங்கிலும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் மாதர் சங்கத்தினரும் இணைந்து ஓர் அறையை ஒதுக்கி, நல்ல பழம்பொருள்களைச் சிறு விலைக்கு வழங்கலாம். தொட்டில், பாடநூல், பள்ளிச் சீருடை, தையல் இயந்திரம் என்று தொடங்கினால் போதும். பள்ளி திறக்குமுன் மே மாதத்தில் தொடங்குவது மிகப் பயன் தரும்.

இறுதியாக, திருமணத்திற்கு ஆயத்தமாகும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். சீர்வரிசைப் பட்டியல் எழுதும் நாளில் மணமகன் வீட்டார் முதலில் வாய் திறக்கட்டும். “எங்களிடம் நல்ல கட்டில் இருக்கிறது, பீரோவும் இருக்கிறது, நீங்கள் கடன் வாங்க வேண்டாம்” என்று கூறட்டும். இதனைப் பெண் வீட்டார் கூறினால் கஞ்சத்தனம் என்பார்கள். மணமகன் வீட்டார் கூறினால் எவரும் மறுத்துப் பேசமாட்டார்கள். இந்த ஒரு சொல், ஒரு தந்தையைப் பல ஆண்டுக் கடனிலிருந்து காக்கும். அடுத்த திருமணம் உங்கள் வீட்டிலாயின், அச்சொல்லைச் சொல்லும் பேறு உங்களுடையதாகட்டும்.