உறைந்த தோள்

தோள்மூட்டைப் பந்துக்கிண்ண மூட்டு என்று உடலியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமில்லாத கிண்ணத்தில் பொருந்தியிருக்கிறது. இம்மூட்டைச் சுற்றி ஒரு சவ்வுறை உண்டு. கை தொங்கும்போது அதன் அடிப்பாகம் மடிந்து தளர்ந்து கிடக்கும். கையை உயர்த்தினால் அம்மடிப்பு விரிந்து இடம் கொடுக்கும். அக்குளில் இறுக்கமாகத் தைத்த சட்டையை அணிந்து கையைத் தூக்கிப் பாருங்கள். சவ்வுறை தடித்துச் சுருங்கினால் நேர்வது அதுவே. இந்நோய்க்கு ‘உறைந்த தோள்’ என்று 1934-இல் பெயரிட்டவர், பாஸ்டன் நகர அறுவை மருத்துவரான எர்னெஸ்ட் காட்மன்.

40 முதல் 60 வயதுக்குட்பட்டோரை, அவர்களிலும் பெண்களை, இது மிகுதியாகப் பற்றுகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு வரும் வாய்ப்பு பன்மடங்கு அதிகம். முதலில் வலி, அப்பக்கம் ஒருக்களித்து உறங்க இயலாது. பின்னர் வலி தணிந்து இறுக்கம் மட்டும் நிற்கும். இறுதியில் இறுக்கம் மெல்லத் தளரும். இவை யாவும் நடந்தேற ஓராண்டு முதல் மூன்றாண்டுகள் வரை ஆகலாம்.

எனக்கு இது வந்த காலத்தில் கரும்பலகையின் மேற்பாதி எட்டாமற் போயிற்று. மருத்துவர் என் முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை வெளிப்புறமாகத் திருப்பச் சொன்னார். பிறகு தாமே திருப்பிப் பார்த்தார். இரண்டு முறையும் கை ஒரே இடத்தில் நின்றது. தசைநார் கிழிந்திருந்தால் நாம் தூக்க முடியாத கையைப் பிறர் தூக்கிவிடலாம். இங்கோ யார் முயன்றாலும் நகராது.

“நன்றாகப் பிடித்து இழுத்தால் விட்டுவிடும்” என்று சொல்லும் அன்பர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களிடம் கையைக் கொடுத்துவிடலாகாது. நெதர்லாந்தில் 77 நோயாளிகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட முடிவைக் கேளுங்கள். வலியின் எல்லைக்குள் மென்மையாகப் பயின்றவர்களில் நூற்றுக்கு 89 பேர் இரண்டாண்டில் ஏறக்குறைய இயல்பான தோளைப் பெற்றனர்; வலியையும் மீறிக் கடுமையாகப் பயிற்றுவிக்கப்பட்டவர்களில் அவ்வாறு பெற்றவர்கள் நூற்றுக்கு 63 பேரே. அழற்சியுற்ற உறையை வலிந்து இழுத்தால் அழற்சி வளரும் என்பதே இதற்குக் கூறத்தக்க காரணம்.

ஆகவே வலி மிகுந்த பருவத்தில் ஊசல் பயிற்சியே ஏற்றது. நலமான கையை மேசைமீது ஊன்றி முன்னே குனிந்து, நோயுற்ற கையைத் தொங்கவிட வேண்டும். உடலை இலேசாக அசைத்தால் கை தானே ஆடும். தோள்தசை உழைக்க வேண்டியதில்லை. கையின் எடையே பந்தைக் கிண்ணத்திலிருந்து சற்றே விலக்கி உறையைத் தளர்த்துகிறது. முன்னதாகப் பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது நலம்.

வலி தணிந்தபின் உறையை நீட்டும் பயிற்சிகள் தொடங்கும். முழங்கையை விலாவை விட்டு அகற்றாமல், இரு கைகளாலும் பிடித்த கோலினால் முன்கையை வெளியே தள்ளுவது ஒன்று. முதுகுக்குப் பின்னே துண்டைப் பிடித்து, மேலுள்ள நல்ல கையால் மற்றதை மெல்ல உயர்த்துவது இன்னொன்று. இயன்முறை மருத்துவரோ தம் கையால் பந்தைக் கிண்ணத்துக்குள் கீழும் பின்னுமாக வழுக்கிவிடுவார். இதை நாமே செய்துகொள்ள முடியாது.

சுவரில் விரல்களை நண்டுபோல் ஏற்றுவது எல்லோருக்கும் பிடித்த பயிற்சி. எட்டிய உயரத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து வைப்பார்கள். ஆனால் தோள்பட்டையைக் காதுவரை தூக்கிக்கொண்டு விரலை உயர்த்துபவர் பலர். அது விடையைப் பார்த்துப் போட்ட கணக்கு! மூட்டு அசையவேயில்லை. பயிற்சி செய்பவரின் பின்னால் நின்று அவர் தோள்பட்டை எழும்பாமல் பார்த்துக்கொள்வது, பாட்டிக்கோ தாய்க்கோ நீங்கள் செய்யத்தக்க பேருதவி.