தாம்பூலமும் நம் தாய்மாரும்

சுரங்கத் தூசியால் வரும் நுரையீரல் நோயைப் பற்றித் தங்கவயல் மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1940-களில் இங்குள்ள தொழிலாளர் ஏழாயிரவர்க்கு மேற்பட்டோரை மருத்துவர்கள் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேல் அந்நோய் காணப்பட்டது. ஒருவர் இருமினால் அவருடைய விதி என்போம்; ஆயிரவரை எண்ணிப் பார்த்தாலோ காரணம் தானே வெளிப்பட்டுவிடும். இவ்வாறு பலரையும் எண்ணி, ஒப்பிட்டு, நோயின் வேரைத் தேடுவதே நோய்ப்பரவல் ஆராய்ச்சி. சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டுவிட்டன. ஆயினும் இவ்வாராய்ச்சி கண்ட மற்றோர் உண்மை இன்றும் நம் இல்லங்களுக்கு உரியதாகவே இருக்கின்றது.

பெங்களூரில் புற்றுநோயாளரின் விவரங்கள் 1982 முதல் முறையாகப் பதியப்பட்டு வருகின்றன. அப்பதிவேட்டின் துணையால் வாய்ப் புற்றுநோயுற்ற 348 பேரை ஆய்வாளர் எடுத்துக்கொண்டனர். அவர்கள் குடியிருந்த பகுதியிலேயே, ஒத்த வயதினராய் நோயற்றிருந்தோரையும் தேடி, இருசாராரின் பழக்கங்களையும் ஒப்புநோக்கினர். முடிவு 1990-இல் வெளியாயிற்று. நோயுற்றோருள் ஆண்கள் 115 பேர். பெண்களோ 233 பேர். வெற்றிலையுடன் புகையிலை மெல்லும் பெண்களுக்கு, மெல்லாத பெண்களைவிட இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 25 மடங்கு மிகுதியாக இருந்தது. ஆண்டுகள் கூடக் கூட, நாளொன்றுக்கு மெல்லும் தடவை பெருகப் பெருக, அபாயமும் பெருகியது.

அதே ஆய்வில் கேழ்வரகு உண்போரிடமும் இந்நோய் மிகுந்து காணப்பட்டது. இது கேட்டு எவரும் களிப்பானையைக் கவிழ்த்துவிட வேண்டா. இரண்டு சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. கேழ்வரகு உண்போர் வறியவராகவோ, காய்கனி குறைவாக உண்பவராகவோ இருத்தலும் கூடும். பல ஊர்களில் பலமுறை ஆராய்ந்தும் மாறாத முடிவையே அறிஞர் உறுதியெனக் கொள்வர். புகையிலை அத்தகைய சோதனை பலவற்றிலும் குற்றவாளியாகவே நின்றது. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய்க்குக் காரணமே என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு அறிவித்துள்ளது. 'புகையிலை இல்லை, பாக்கு மட்டுந்தானே' என்னும் ஆறுதலுக்கும் இனி இடமில்லை.

வாய்க்குக் கீழே உணவுக்குழாய்க்கும் தாம்பூலம், பீடி, மது ஆகியவை தீங்கு செய்கின்றன. இரைப்பைப் புண்ணோ வேறு வகையது. காரமும் கவலையுமே அதற்குக் காரணமென்று நெடுங்காலம் நம்பினோம். ஆஸ்திரேலிய மருத்துவர் மார்ஷல், வாரன் இருவரும் 1982-இல் ஒரு கிருமியைப் பிரித்தெடுத்து, பெரும்பாலான புண்களுக்கு அதுவே காரணமெனக் காட்டினர். 2005-இல் நோபெல் பரிசும் பெற்றனர். இக்கிருமியை மருந்தால் ஒழிக்கலாம். ஆகவே, நாட்பட்ட வயிற்றெரிச்சலைச் சோடா குடித்து அடக்கிக்கொண்டிராமல் மருத்துவரிடம் காட்டுவதே அறிவுடைமை.

பசியும் பல்வலியும் தெரியாதிருக்கப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, அப்படியே உறங்கிவிடும் தாய்மார் நம்மிடையே உண்டு. அவர்களைக் கடிந்து பயனில்லை; வாயைத் திறந்து பார்ப்பதே பயன் தரும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற ஊழியர் வீடுதோறும் சென்று வாயைச் சோதித்து வந்தனர். அதனால் புகையிலை, மதுப் பழக்கம் உடையோரிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென 2005-இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. அச்சோதனைக்கு வேண்டியவை நல்ல வெளிச்சமும் பழகிய கண்ணுமே.

மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்க இயலாத இறுக்கம் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும், வலி இல்லையென்று வாளாவிருத்தல் தகாது. தொடக்கத்தில் இந்நோய் வலிப்பதில்லை. மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பிழைப்புக்காக நாள்தோறும் பெங்களூர் செல்வோர் நம்முள் பலர். அங்கேயே கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனை இருக்கின்றது. ஒரு நாள் கூலி போயினும் போகட்டும், அன்னையை ஒருமுறை உடன் அழைத்துச் செல்லுங்கள்.