மின்வேலிக் கன்வெர்ட்டரில் மின்சாரம் வெளிவராமைக்குக் காரணமும் பரிகாரமும்

விழுப்புரம் மாவட்டத்தில் மணிலாக்கொட்டை பயிரிடும் குடியானவர்களுக்குக் காட்டுப்பன்றிகளால் நேரும் நஷ்டம் கொஞ்சமன்று. காய் முற்றுந் தருணத்தில் ஒரே இரவில் புகுந்து கிளறிப்போட்டுவிடும். இதன்பொருட்டுச் சூரிய ஒளியால் பாட்டரியை நிரப்பி இயக்கும் மின்வேலியைப் பலர் அமைத்து வருகின்றனர். கெடாரில் ஒரு குடியானவருடைய வேலி இவ்வாறான சமயத்தில் திடீரென்று நின்றுபோயிற்று. பாட்டரியில் மின்சாரம் இருக்கிறது, கன்வெர்ட்டரிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. ஆகையால் கன்வெர்ட்டர் கெட்டது என்று தீர்மானித்து அவர் புதிதொன்று வாங்கப் புறப்பட்டார். அதுவரையில் பம்புசெட்டு லயனிலிருந்து வேலிக்கு ஒரு கம்பி இழுத்துக்கொள்ளும்படி அயலார் யோசனையும் சொல்லியிருந்தனர்.

பின்சொன்ன யோசனை உயிருக்கே உலை வைப்பதாகும். வேலிக்குரிய எனர்ஜைசர் என்னுங் கருவி சுமார் ஒரு விநாடிக்கு ஒரு முறை, கண்ணிமைப்பதிலும் மிகச் சொற்பமான நேரம் மட்டுமே மின்சாரத்தை விடுவது. தொட்ட பிராணி உதறிக்கொண்டு விலக அவகாசம் உண்டு. லயன் மின்சாரமோ விடாது பாய்ந்து, தொட்டவரைப் பிடித்துக்கொள்ளும். இரவில் மடை திறக்கப்போகும் ஆளும், வேலியோரம் மேயும் மாடும் பன்றிக்கு முன்னரே பலியாவர். 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டப்படியும் இது குற்றம். கிராம நிர்வாக அலுவலர்கள் இத்தகைய கம்பியைக் கண்டால் அப்பொழுதே மின்வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

இனிக் கன்வெர்ட்டரைப்பற்றிக் கூறுவாம். மாறுமின்னோட்டமாயின் டிரான்ஸ்பார்மரைக்கொண்டு வோல்ட்டைக் குறைக்கலாம்; பாட்டரியின் நேர்மின்னோட்டத்தினிடம் டிரான்ஸ்பார்மர் பலிக்காது. ஆகவே கன்வெர்ட்டருக்குள் ஒரு சிறு சிலிக்கன் ஸ்விட்சு விநாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகிறது. பாதி நேரம் திறந்தும் பாதி நேரம் மூடியும் இருந்தால் 24 வோல்ட்டு சராசரியில் 12 ஆகிறது. அவ்வேற்றத்தாழ்வைக் கம்பிச்சுருளும் கண்டென்ஸரும் சமப்படுத்துகின்றன. ஸ்விட்சு வேலை செய்யாது நின்றால் வெளியில் பூஜ்யம். அது இணைந்தபடியே ஒட்டிக்கொண்டால் 24 வோல்ட்டும் அப்படியே எனர்ஜைசரில் பாய்ந்து அதனைச் சுட்டுவிடும். எனவே பழுதுபார்த்த கன்வெர்ட்டரை அளவாமல் மாட்டலாகாது. வோல்ட்டை உயர்த்தும் ஜாதிக் கன்வெர்ட்டரின் குணம் வேறு: அதில் ஸ்விட்சு நின்றாலும் பாட்டரியின் வோல்ட்டு ஏறக்குறைய அப்படியே வெளிவரும். அங்கே முழுப் பூஜ்யம் கண்டால் பெரும்பாலும் பியூஸ் அல்லது அறுந்த கம்பியையே சந்தேகிக்க வேண்டும்.

கெடாரில் நாம் முதலாவது எனர்ஜைசரின் கம்பிகளைக் கழற்றினோம். கழற்றியவுடன் கன்வெர்ட்டரின் முனையில் 12 வோல்ட்டு வந்தது! மாட்டினால் மறுபடியும் பூஜ்யம். எனர்ஜைசருக்குள் ஷார்ட் என்றே எவரும் சொல்வர். ஆனால் கன்வெர்ட்டருக்கு வரும் வழியில் மின்சாரம் இடறினாலும் இதே குறிதான் தோன்றும். சுமை ஏறியதும் உள்வரும் வோல்ட்டு சரிந்து, கன்வெர்ட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், நின்றதும் வோல்ட்டு பழையபடி ஏறிவிடும். மீட்டரோ 25 வோல்ட்டு என்று கூசாமல் காட்டும்.

இதைப் பிரித்தறிய லாரிக்குப் போடும் 24 வோல்ட்டு, 21 வாட்டு பல்பு ஒன்று போதும். கன்வெர்ட்டரின் உள்வாயில் முனைகள் இரண்டிலும் அதை இணைத்து, பல்பு எரியும்பொழுதே வோல்ட்டை அளக்க வேண்டும். இங்கே பல்பு மங்கலாக எரிந்தது. பாட்டரி முனையில் 25, கன்வெர்ட்டர் முனையில் 14. இடையில் 11 வோல்ட்டு எங்கே போயிற்று? வழியில் ஒவ்வோர் இணைப்பின் இருபுறமும் மீட்டரை வைத்துப் பார்த்துவந்ததில், பியூஸ் கூட்டின் இரு முனைகளுக்கிடையே அந்தப் 11-உம் அகப்பட்டது. பியூஸ் முழுதாகவே இருந்தது. அதைப் பற்றும் பித்தளைப் பிடியில் பச்சைக் களிம்பு மூடியிருந்தது. பாட்டரியின் ஆவி படும்படி அதைப் பாட்டரிப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தமையே இதற்குக் காரணம்.

கூட்டை மாற்றிப் பெட்டிக்கு வெளியே வைத்தவுடன் அன்றிரவே வேலி இயங்கியது. செலவு ஒரு பியூஸ் கூட்டின் விலை மட்டுமே.

பல்பு பிரகாசமாக எரிந்து உள்வோல்ட்டும் சரியாமலிருந்தால்தான் எனர்ஜைசரையும் அதன் கம்பியையும் சோதிக்க வேண்டும். எனர்ஜைசரைக் கழற்றியும் ஒன்றும் வராதாயின், உள்வோல்ட்டு, முனைகள் மாறியிருத்தல், பியூஸ் ஆகியவற்றைப் பார்த்த பிறகே கன்வெர்ட்டரைக் குறை கூறலாம். போன பியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியை முறுக்கி வைப்பவர், அடுத்த முறை பாட்டரிக் கம்பியே பற்றியெரியக் காண்பர். வேலையைத் தொடங்குமுன் சூரியத் தகட்டின் ஸ்விட்சையும் நிறுத்துக; வெயில் உள்ளமட்டும் தகடு மின்சாரம் தந்துகொண்டேயிருக்கும். கைவிரல் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பாட்டரியைத் தொடுவது நலம். பாட்டரி முனைகளில் வெண்பொடி கண்டால் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, திருகை இறுக்கி, வாஸலின் தடவுக. மழைக்காலத்தில் மாதம் ஒரு முறையேனும் பியூஸ் கூட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.