உங்களுக்குத் தெரியுமா? தண்ணீரே வேண்டாம் என்ற விவசாயிகள்

பாசனத்துக்காகக் கட்டிய அணையில் தண்ணீர் தேக்கக்கூடாது என்று விவசாயிகளே போராடினார்கள்! நொய்யல் ஆற்றில், சென்னிமலை அருகே 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணைதான் அது. சில ஆண்டுகளிலேயே அங்கே திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி நின்றது.

• நிறத்தைவிடக் கொடியது உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பைக் கொட்டுவார்கள். நிறத்தை நீக்கினாலும் உப்பு கழிவுநீரிலேயே கரைந்து கிடக்கும். கிணறுகள் உவர்த்தன. வயல்கள் பாழாயின.

• நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் 2003-இல் வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் வரை விடாமல் போராடியது. 2011 ஜனவரியில் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள்! ஓர் உழவர் சங்கம் சாதித்தது இது.

• திறக்க வேண்டுமானால் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக்கூடாது என்பது நிபந்தனை. கழிவுநீரைச் சவ்வில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, உப்பைத் தனியே எடுக்க வேண்டும்.

உங்கள் ஊர் ஓடையில் நுரை மிதக்கிறதா? வக்கீல் வைக்காமல் நீங்களே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். தென்மண்டல அமர்வு சென்னையில்தான் இருக்கிறது.