கிட்டின் கணக்கில் வராத கோப்புகள்

லைனக்ஸ் கர்னலின் நிரலைப் பராமரிப்பதற்காக 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கிட், இன்று மென்பொருள் எழுதுவோரின் அன்றாடக் கருவி. எந்த வரியை யார், எப்போது மாற்றினார்கள் என்று அது சொல்லிவிடும். அதனாலேயே ப்ராஜெக்ட் ஃபோல்டரில் கிடப்பதெல்லாம் அதன் காவலில் இருப்பதாகப் பலர் நம்பிவிடுகிறார்கள். ஆனால் புதிய கோப்பை ‘கிட் ஆட்’ கொடுத்துச் சேர்க்கும்வரை அதன் பிரதி எதுவும் கிட்டிடம் கிடையாது. புதிதாக ‘பில்லிங்’ என்றொரு கோப்பை எழுதி, பழைய கோப்பிலிருந்து அதை அழைக்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ‘கமிட் ஹைஃபன் ஏ’ என்று கொடுத்தால் எல்லாம் சேர்ந்துவிடும் என்பது அவர் எண்ணம். ஆனால் ஏற்கெனவே கணக்கில் உள்ள கோப்புகளின் மாற்றங்களை மட்டுமே அது எடுக்கும். ‘கிட் டிஃப்’ போட்டுப் பார்த்தாலும் புதிய கோப்பு தென்படாது. அவர் கணினியில் ஓடும் நிரல், சக ஊழியரின் கணினியில் எடுத்த எடுப்பிலேயே நின்றுவிடும்.

அப்படியானால் கிட்டே எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதே ஃபோல்டரில்தான் கம்பைல் செய்த கோப்புகளும், லாக்குகளும், பாஸ்வேர்டு எழுதிய அமைப்புக் கோப்பும் கிடக்கின்றன. பாஸ்வேர்டு ஒருமுறை கமிட்டில் ஏறிவிட்டால், மறுநாள் கோப்பை நீக்கினாலும் பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். எதைச் சேர்ப்பது என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முதலில் விடுபட்டவை எவை என்று தெரிய வேண்டும். ‘கிட் ஸ்டேட்டஸ்’ அவற்றைக் காட்டும். ஒரு ஃபோல்டர் முழுக்கப் புதிதாக இருந்தால் அதன் பெயரோடு நிறுத்திக்கொள்ளும். உள்ளே உள்ள ஒவ்வொரு கோப்பும் தெரிய வேண்டுமானால் ‘ஹைஃபன் யூ ஆல்’ சேர்க்க வேண்டும்.

ஒதுக்க வேண்டியவற்றைச் சொல்லும் ‘கிட்இக்னோர்’ பட்டியலை ஒழுங்காக எழுதிவைத்தால் இந்தத் தொல்லையே இராது என்பார்கள். பட்டியல் தேவைதான். ஆனால் அதில் சாய்கோடு இல்லாமல் ‘பில்ட்’ என்று எழுதினால், எந்த ஆழத்தில் அந்தப் பெயர் இருந்தாலும் ஒதுக்கிவிடும். கையால் எழுதிய நிரலும் அதோடு மறைந்துபோகும். எந்த விதி ஒரு கோப்பை மறைக்கிறது என்பதை, ‘ஹைஃபன் வி’ சேர்த்துக் கொடுத்தால் ‘செக் இக்னோர்’ கட்டளை வரி எண்ணோடு சொல்லும். கணக்கில் வராத கோப்புகளைக் குப்பையாக அகற்றும் ‘கிட் கிளீன்’ விஷயத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். அது அழித்த கோப்பு கணினியின் குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை, கிட்டாலும் மீட்டுத் தர முடியாது. ‘ஹைஃபன் எக்ஸ்’ சேர்த்தால் இக்னோர் பட்டியலில் உள்ளவையும் போய்விடும். ஆகவே ‘ஹைஃபன் என்’ கொடுத்து, எவையெல்லாம் அழியப்போகின்றன என்பதை முதலில் படித்துப் பார்க்க வேண்டும்.