இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை



கப்பலூரைக் கடந்து போகிறவர்களுக்கு அருகிலுள்ள தோப்பூர் அரசு மருத்துவமனை தெரிந்திருக்கும். 2021ஆம் ஆண்டு மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலை கொடுமையாயிருந்தபோது, அங்கே 500 ஆக்சிஜன் படுக்கைகள் அவசரமாக அமைக்கப்பட்டன. ஆக்சிஜன் கிடைக்குமா என்பதே அன்று நம் எல்லாருடைய கவலையும். ஆனால் அந்தப் பெருந்தொற்றில் உயிர் பிழைத்தவர்களிலும் அநேகரை உலகெங்கும் வேறொரு துன்பம் பற்றிக்கொண்டது. அதுதான் படுக்கைப் புண்.

இது எப்படி உண்டாகிறது? தூங்கும்போது நாம் அறியாமலே புரண்டு படுக்கிறோம். மயக்க மருந்து கொடுக்கப்பட்டு, செயற்கைச் சுவாசக் கருவியோடு கிடக்கிறவரால் அது முடியாது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோலும் சதையும் நசுங்குகின்றன. மெல்லிய இரத்தக் குழாய்கள் அடைபட்டு, சில மணி நேரத்திலேயே அந்த இடம் சாகத் தொடங்குகிறது. முதுகின் அடிப்பகுதி, குதிகால், பின்தலை ஆகிய இடங்களில் இது சாதாரணமாக வரும்.

கொரோனா நோயாளிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகமாயிருந்தது. அவர்கள் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு. இரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் மருந்துகள் தோலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். நோயே சிறு குழாய்களில் இரத்தத்தை உறையச் செய்யும். மேலும், நுரையீரல் நன்றாக இயங்கும்படி, நாளொன்றுக்கு 16 மணி நேரம்வரை, சில வேளை அதற்கு மேலும், நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். அது உயிர் காக்கும் சிகிச்சை. ஆனால் நெற்றி, கன்னம், மோவாய், மார்பு, முழங்கால் ஆகியவை அழுந்திப் புண்ணாயின.

ஒரு நோயாளியைக் குழாய்கள் கழன்றுவிடாமல் திருப்ப நாலைந்து பேர் வேண்டும். பாதுகாப்பு உடைக்குள் வியர்த்தபடி ஒரே நர்ஸ் பலரைக் கவனித்த நாட்களில் அத்தனை கைகளுக்கு எங்கே போவது? படுக்கைப் புண்ணைத் தடுக்க மருந்தைவிடக் கைகளே அதிகம் தேவை என்பதை அக்காலம் நமக்குக் காட்டியது.

கொரோனா அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவித்தது. படுக்கைப் புண்ணோ முடியவில்லை. பக்கவாதத்தாலும் இடுப்பெலும்பு முறிவாலும் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் முதியவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். அவர்களைப் பராமரிக்கிறவர்கள் அறிய வேண்டியவை இவை:

இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். இழுக்காமல் தூக்கி நகர்த்துங்கள். கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. ஈரத்தை உடனே துடைத்து உலர்த்துங்கள். மருத்துவர் தடுத்திராவிட்டால் முட்டை, மீன், பருப்பு கொடுங்கள். தினமும் தோலைப் பாருங்கள். நம் கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. ஆகையால் சூடாகவோ, கடினமாகவோ, மற்ற இடத்தைவிடக் கருமையாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அப்படியிருந்தால் அந்த இடத்தைத் தேய்க்கவேண்டாம். அழுத்தம் படாமல் வைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிரியமானவர்களே, படுக்கையில் இருக்கிற ஒருவரைச் சந்தித்து ஜெபிக்கப் போகும்போது, அவரைத் திருப்பிப் படுக்க வைக்க ஒரு கை கொடுங்கள். தனியாளாய்ப் பராமரிக்கிற மகளுக்கோ மருமகளுக்கோ அது எவ்வளவு பெரிய உதவி என்பதை அவர்கள் முகமே சொல்லும்.